செடி வெட்ட மின் ட்ரிம்மர்: தண்ணீருக்குள் இறக்கலாமா?

ஆறடித்தொட்டி:

வணக்கம் நண்பர்களே.

நீர்ச்செடியும் மீனும் வளர்க்கும் என் கண்ணாடித் தொட்டி ஆறடி நீளம், இரண்டடி அகலம், இரண்டடி உயரம். கணக்குப் போட்டால் 680 லிட்டர் வரும். மண், கல், கட்டை எல்லாம் போக நிற்கும் தண்ணீர் அதைவிடக் குறைவு. முன்பக்கம் முழுக்க ஹேர்கிராஸ், ஊசிபோல் மெல்லிய நீர்ப்புல். பின்பக்கம் உயரத் தண்டுச் செடிகளான ரொட்டாலா ரொட்டண்டிஃபோலியாவும் லுட்விஜியா ரெப்பன்ஸும். நடுக்கட்டையில் ஒட்டி வளரும் ஜாவா மாஸ் (இழை இழையான செடி), அனுபியாஸ். செடிக்காக சிஓ2 (கார்பன் டை ஆக்சைடு) விடுகிறேன், விளக்கும் கொஞ்சம் தாராளம்தான். செடி வளரும் வேகத்துக்கு என் கத்தரி ஓடவில்லை.

சிக்கல் என் மணிக்கட்டில். இரண்டடி ஆழத்துக்குக் கையை விட்டு நீளக் கத்தரியைத் திறந்து மூடி, திறந்து மூடி, மறுநாள் பேனா பிடிக்கக்கூட விரல் ஒத்துழைப்பதில்லை. அதனால் மின்கருவி பக்கம் யோசனை போகிறது. மனதில் இருப்பவை: குளியலறையில் நனைத்தே பயன்படுத்தலாம் என்று போட்டிருக்கும் தாடி ட்ரிம்மர்; தோட்டத்தில் புல்லின் ஓரம் வெட்டும் பேட்டரிக் கத்தரி; வளையும் தண்டு மாட்டிய ரோட்டரி கருவி, அதாவது மோட்டார் வெளியே இருக்கும், நுனி மட்டும் தண்ணீரில்.

"வேண்டாம்" என்று ஒற்றை வரியில் சொல்லிவிட்டுப் போகாமல், ஏன் வேண்டாம் என்றும் சொல்லுங்கள். முயன்றவர்கள் இருந்தால் இன்னும் நல்லது.

நீர்முள்ளி:

அடுத்து இலை ஊதும் இயந்திரமும் வாங்கிவிடுங்கள், வெட்டிய ரொட்டாலாவை ஒரு மூலைக்கு ஒதுக்க உதவும் 😄

சரி, கிண்டல் போதும். மணிக்கட்டு வலி பொல்லாதது. விவரம் தெரிந்தவர்கள் வரட்டும், நான் ஓரமாக உட்கார்ந்து படிக்கிறேன்.

மின்னோட்டம்:

கேள்வியை இரண்டாகப் பிரிக்க வேண்டும். சுவரில் சொருகும் கருவி ஒன்று, பேட்டரிக் கருவி ஒன்று. இரண்டுக்கும் ஆபத்து வேறு வேறு.

சுவரில் சொருகும் எதுவும் தண்ணீருக்குள் போகக் கூடாது. இதில் பேச்சே இல்லை. ரோட்டரி கருவியில் மோட்டார் வெளியேதானே என்று தோன்றும். ஆனால் அந்த வளையும் தண்டின் உள்ளே ஓடுவது எஃகுக் கம்பி. மோட்டாரின் மின்காப்பு பழுதானால் மின்சாரம் தண்ணீருக்கு வர அதுவே பாதை. உங்கள் ஈரக்கையிலிருந்து தண்ணீர் வழிந்து கருவிக்குள் இறங்குவது இன்னொரு வழி. இந்தக் கருவிகளின் இரட்டை மின்காப்பு உலர்ந்த இடத்தை மனதில் வைத்துச் செய்தது. "எங்கள் வீட்டில் 30 மில்லி ஆம்பியர் எர்த் லீக்கேஜ் பிரேக்கர் இருக்கிறதே" என்று யாராவது கேட்கும் முன் சொல்லிவிடுகிறேன்: அது மின்கசிவு வந்ததும் மின்சாரத்தைத் துண்டிக்கும் சாதனம், எல்லாம் தவறிப்போன பிறகு உயிரைக் காப்பாற்ற இருப்பது. அதை நம்பி வேலையைத் தொடங்கக் கூடாது.

பேட்டரிக்கு வருவோம். தாடி ட்ரிம்மரில் பெரும்பாலும் ஒரே ஒரு லித்தியம் செல், 3.7 வோல்ட். இது தண்ணீரில் நனைந்து உங்களுக்கு ஷாக் அடிக்கப் போவதில்லை. பயம் வேறு இடத்தில்: உள்ளே தண்ணீர் புகுந்தால் செல் ஷார்ட் ஆகும், சூடேறும், உள்ளே இருக்கும் உலோகமும் ரசாயனமும் தொட்டிக்குள் கசியும்.

அட்டையில் ஐபிஎக்ஸ்7 என்று நீர்புகாத் தரக்குறி பார்த்திருப்பீர்கள். ஒரு மீட்டர் ஆழத்தில் 30 நிமிடம் தாங்கும் என்பது அதன் பொருள். உங்கள் தொட்டியின் ஆழம் அதற்குள்தான். ஆனால் அந்தச் சோதனையில் தண்ணீருக்கும் கருவிக்கும் வெப்ப வித்தியாசம் 5 டிகிரிக்கு மேல் இருக்கக் கூடாது. ஏன் தெரியுமா? ஓடிச் சூடான கருவியைக் குளிர்ந்த நீரில் முக்கினால் உள்ளே இருக்கும் காற்று சுருங்கும். சுருங்கும் காற்று வெளியே இருக்கும் தண்ணீரை ரப்பர் சீல் வழியாக உள்ளே இழுக்கும். சோதனை நடப்பது புதுக் கருவியில். பல மாதம் ஆடித் தேய்ந்த சீலுக்கு அந்த எண் உத்தரவாதம் தராது. இன்னொன்று, ஐபிஎக்ஸ்4 என்றால் தெறிக்கும் தண்ணீரைத் தாங்கும், அவ்வளவுதான். "கழுவலாம்" என்று எழுதியிருப்பதும் "முக்கலாம்" என்பதும் ஒன்றில்லை.

தோட்டக் கத்தரியின் கதை சுலபம். பிடியில் காற்றுத் துளை இருக்கும், சுவிட்சுக்கு மூடி இருக்காது. மழையில் வைக்காதே என்றே அதன் கையேடு சொல்லும்.

ஆறடித்தொட்டி:

மிக்க நன்றி ஐயா. இரண்டாவதும் மூன்றாவதும் போயிற்று. ட்ரிம்மர் மட்டும் மிச்சம். அதன் பிளேடில் எண்ணெய் விடச் சொல்கிறார்களே, அது மீனுக்கு என்ன செய்யும்?

சிவப்பிறால்:

எண்ணெய் என்ற வார்த்தையைப் பார்த்ததும் ஓடி வந்தேன்.

பிளேடுக்கு விடுவது கனிம எண்ணெய். ஓரிரு சொட்டு 600 லிட்டரில் மீனைக் கொன்றுவிடாது, ஆனால் நீர்ப்பரப்பில் வானவில் நிறத்தில் படலமாகப் பரவும். அந்தப் படலம் காற்றிலிருந்து ஆக்சிஜன் இறங்குவதைக் குறைக்கும். எண்ணெய் விடாத புது பிளேடு, அல்லது பாத்திரம் தேய்க்கும் சோப்பில் கழுவி நன்றாக அலசிய பிளேடு என்றால் மட்டும் உள்ளே விடுங்கள். உலர்ந்த பிளேடு சீக்கிரம் மழுங்கும்தான். அது உங்கள் பர்ஸ் பாடு, என் இறாலின் பாடு இல்லை.

செம்பு இன்னும் முக்கியம். சில ட்ரிம்மர்களில் அடியில் சார்ஜ் முனைகள் வெளியே தெரியும். பூச்சு தேய்ந்தால் அடியில் செம்புக் கலவை. அதில் மின்னழுத்தமும் இருந்தால் தண்ணீரில் கரைய ஆரம்பிக்கும். மீன் பொறுத்துக்கொள்ளும் அளவு செம்பை இறால் பொறுக்காது.

இதையெல்லாம் சரிசெய்துவிட்டாலும் ஒன்று மிச்சம். ஹேர்கிராஸ் அடர்த்தியாக இருந்தால் இறால் குஞ்சுகள் அதற்குள்தான் வாழும். ஓட்டோசிங்க்ளஸ், கோரிடோராஸ் போன்ற சின்ன மீன்களும் அங்கேதான் அடங்கும். கத்தரியால் வெட்டும்போது ஒவ்வொரு வெட்டுக்கும் நடுவே அவை நகர நேரம் கிடைக்கிறது. ட்ரிம்மர் நிற்காமல் ஓடுகிறது. கையால் புல்லை ஒருமுறை தடவி எல்லாரையும் கிளப்பிவிட்டு அப்புறம் வெட்டுங்கள். பெரிய மீன்களைப் பற்றி எனக்குக் கவலை இல்லை. தண்ணீரில் ஒலி காற்றைவிட நாலு மடங்குக்கும் மேல் வேகமாகப் போகும். ட்ரிம்மர் ஓடத் தொடங்கியதுமே அவை எதிர் மூலைக்குப் போய்விடும்.

பச்சைப்பாய்:

நான் பயன்படுத்துகிறேன். ஹேர்கிராஸுக்கு மட்டும். ஐபிஎக்ஸ்7 தாடி ட்ரிம்மர், வெளியே தெரியும் சார்ஜ் முனை கிடையாது. நடப்பது இதுதான்.

முதலில் எதிர்பார்த்தது எதுவும் நடக்காது. பிளேடு இடவலமாக ஆடும்போது அதுவே சின்ன நீரோட்டத்தைக் கிளப்புகிறது. புல் அந்த ஓட்டத்தில் பின்வாங்கிச் சாய்கிறது. நீங்கள் முன்னே தள்ளத் தள்ள அதுவும் வளைந்துகொண்டே போகும், வெட்டுப்படாது. இதற்குத் தீர்வு இரண்டு. ஃபில்டரை நிறுத்திவிட வேண்டும், பம்ப் ஓட்டத்தில் எல்லாப் புல்லும் ஒரே பக்கம் சாய்ந்திருக்கக் கூடாது. அப்புறம், புல் எந்தப் பக்கம் சாய்கிறதோ அதற்கு எதிர்ப்பக்கத்திலிருந்து வர வேண்டும், மெதுவாக. சீப்பு மூடியை மாட்டினால் அதன் பற்கள் புல்லைப் பிடித்து நிறுத்தித் தரும். நான் 12 மில்லிமீட்டர் சீப்பு போடுகிறேன். அதற்குக் கீழே போனால் மண் குருணை பிளேடில் ஏறிவிடும். அக்வா சாயில் (செடித்தொட்டிக்கான மண்) குருணை என்றால் நசுங்கித் தூளாகிப் புகை கிளம்பியதுபோல் கலங்கும். மணல் என்றால் பிளேடு கீச்சிடும், நின்றுவிடும். பிறகு அந்த பிளேடு தாடிக்கும் ஆகாது.

சரியாகப் போனால் அழகு சொல்லி மாளாது. கத்தரியில் எவ்வளவு கவனமாக வெட்டினாலும் படிக்கட்டு விழும். இதில் ஒரே மட்டம்.

மாஸ் பக்கம் கொண்டுபோகாதீர்கள். இழை பல்லுக்குள் சுற்றிக்கொள்ளும், கட்டையிலிருந்து கொத்தாகப் பிய்ந்து வரும்.

ஆறடித்தொட்டி:

அருமை! அப்படியானால் பின்பக்கத்து ரொட்டாலாவையும் இதாலேயே மட்டமாக அடித்துவிடலாமா?

பச்சைப்பாய்:

தலைமுடியின் தடிமன் ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்குகூடத் தேறாது. ட்ரிம்மர் பல்லின் இடைவெளி அதற்காக அளந்தது. ஹேர்கிராஸ் அரை மில்லிமீட்டர் இருக்குமா, அது நுழைந்துவிடும். ரொட்டாலாத் தண்டு ஒன்றிரண்டு மில்லிமீட்டர், அதோடு இலையும். பல்லுக்குள் போகாமல் வழுக்கும், அல்லது பாதி நுழைந்து நசுங்கும். நான் தண்டுச் செடிக்கு முயலவில்லை, தேவையும் படவில்லை.

கணுவுக்குமேல்:

அந்த "நசுங்கும்" என்ற வார்த்தையில்தான் நான் உள்ளே வருகிறேன்.

ரொட்டாலாவும் லுட்விஜியா ரெப்பன்ஸும் எதிரெதிர் இலைச் செடிகள். ஒரு கணுவில் இரண்டு இலை, ஒவ்வோர் இலைக்கும் தண்டுக்கும் நடுவே ஒரு மொட்டு. கணுவுக்குச் சற்று மேலே சுத்தமாக வெட்டினால் அந்த இரண்டு மொட்டும் கிளைக்கும். ஒற்றைத் தண்டு இரட்டைத் தண்டாகும், புதர் அப்படித்தான் அடர்கிறது. மழுங்கிய அல்லது நசுக்குகிற கருவியால் வெட்டினால் வெட்டுவாய்க்குக் கீழே தண்டு கண்ணாடிபோல் தெளிவாகி அழுகிக்கொண்டே இறங்கும். மேல் கணு போய்விட்டால் கிளைப்பது அதற்கடுத்த கணுவில். நீங்கள் நினைத்த உயரம் போயிற்று.

ஹேர்கிராஸ் இந்தக் கணக்கில் வராது. அதில் நாம் இலை என்று நினைப்பது உண்மையில் தண்டு. வெட்டிய நுனி திரும்பக் கூராகாது, சில நாளில் லேசாகப் பழுப்பாகும். புதுத் தளிர் தரைக்குக் கீழே ஓடும் தண்டிலிருந்து வரும். அதனால் எங்கே வெட்டினாலும் செடிக்குக் கவலை இல்லை. ட்ரிம்மர் அதில் வேலை செய்வதற்குப் பல்லின் அளவு மட்டும் காரணம் இல்லை என்று சொல்ல வந்தேன்.

அனுபியாஸ், கிரிப்டோகோரைன், ஜாவா ஃபெர்ன் இவற்றில் இலையை நடுவில் வெட்டவே கூடாது. காம்போடு, கிழங்கை ஒட்டி எடுக்க வேண்டும். வாலிஸ்னேரியாவை நீளம் குறைக்க நடுவில் வெட்டினால் அந்த நுனி பழுத்து, பாசி ஏறி, அசிங்கமாக நிற்கும். முழு இலையை அடியில் உருவுவது மேல். இவை எல்லாமே தேர்ந்தெடுத்து வெட்ட வேண்டிய செடிகள். ஓடுகிற பிளேடுக்குத் தேர்ந்தெடுக்கத் தெரியாது.

பச்சைப்பாய்:

பாதிக்கு மேல் ஒத்துக்கொள்கிறேன். ஆனால் ரொட்டாலா புதரை யாரும் தண்டு தண்டாகக் கணு பார்த்து வெட்டுவதில்லை. வளைந்த கத்தரியை வைத்து, வேலி வெட்டுகிற மாதிரி ஒரே வீச்சில் வடிவம் எடுக்கிறோம். பாதித் தண்டுகள் இரண்டு கணுவுக்கு நடுவிலேதான் வெட்டுப்படும். அப்படியும் நன்றாகத்தான் வருகிறது.

கணுவுக்குமேல்:

நியாயமான பேச்சு. கூர்மையான கத்தரி என்றால் வெட்டு இரண்டு கணுவுக்கு நடுவில் விழுந்தாலும் மிச்சமிருக்கும் துண்டு தானாக உதிர்ந்து, கீழ்க்கணு கிளைத்துவிடும். என் சண்டை நசுங்குவதோடுதான், உயரத்தோடு இல்லை.

ஆனால் இந்த வேலி வெட்டு எத்தனை தடவை தாங்கும் என்பதையும் பார்க்க வேண்டும். ஒவ்வொரு தடவையும் மேல்பரப்பு அடர்கிறது, அடியில் வெளிச்சம் குறைகிறது. சில சுற்றுக்குப் பிறகு மேலே பச்சை, கீழே இலை உதிர்ந்த குச்சி. அப்போது முழுப் புதரையும் பிடுங்கி, நல்ல நுனிகளை மட்டும் திரும்ப நட்டே ஆக வேண்டும். மின்கருவி கையில் இருந்தால் அடிக்கடி மேலோட்டமாகச் சீவத்தான் மனம் போகும். அந்தக் கட்டம் சீக்கிரமே வந்துவிடும்.

கார்பெட்டுக்கும், அதாவது தரையில் பாய்போல் படரும் செடிகளுக்கும், இதுதான். மான்டி கார்லோ இரண்டு மூன்று சென்டிமீட்டருக்கு மேல் தடித்தால் அடிப்பாகம் வெளிச்சமில்லாமல் செத்து, ஒருநாள் பாய் சுருண்டதுபோல் முழுசாக மேலே மிதந்து வரும்.

சிவப்பிறால்:

மான்டி கார்லோவில் ட்ரிம்மர் போட நினைப்பவர்கள் யாராவது இருந்தால்: வேண்டவே வேண்டாம். துண்டுகள் அரிசி அளவில் கூட வராது. இறைத்து எடுக்க முடியாது. ஃபில்டர் வாய், பம்ப், ஹீட்டர் இடுக்கு எங்கும் போகும், ஒரு கணு இருந்தாலே போதும், மாஸுக்குள் போய் முளைத்துவிடும்.

கணுவுக்குமேல்:

ஆமாம். ஏரிகளில் களை எடுக்கும் படகுகள் உண்டு, முன்னால் அறுவை பிளேடு வைத்தவை. ஹைட்ரில்லா மாதிரிச் செடிகளில் அந்தப் படகுகளே பரப்பவும் செய்துவிடுகின்றன. வெட்டுப்பட்ட துண்டு தண்ணீரோடு போய் வேறு இடத்தில் வேர் விடுகிறது. தொட்டியும் சின்ன அளவில் அதே கதைதான்.

புதுத்தொட்டி:

அண்ணா, அக்கா எல்லாருக்கும் வணக்கம். ஒரு சந்தேகம். தண்ணீரைப் புல் மட்டம்வரை இறைத்துவிட்டு, அப்புறம் ட்ரிம்மர் போட்டால்? கருவி நனையவே நனையாதே.

கரையோரம்:

நல்ல கேள்வி தம்பி. எல்லாருக்கும் முதலில் தோன்றுவதுதான். ஒருமுறை தண்ணீரை இறைத்துப் பாருங்கள், விடை தெரிந்துவிடும். புல் அப்படியே படுத்துவிடும். நீர்ச்செடிக்குத் தன்னைத் தாங்கும் விறைப்புத் தண்டு இல்லை, தண்ணீரின் மிதப்பே அதை நிற்க வைக்கிறது. தண்ணீர் போனால் ரொட்டாலாவும் மடிந்து விழும், ஹேர்கிராஸும் ஈரக்கூந்தலாகத் தரையில் ஒட்டிக் கிடக்கும். படுத்த புல்லில் ட்ரிம்மர் ஓட்டினால் பிளேடு அதன் மேலே வழுக்கிப் போகும். சரி, பிடித்து நிமிர்த்தி வெட்டலாம் என்றால் அதற்குக் கத்தரியே போதும்.

ஆனால் உங்கள் கேள்வியில் ஒரு பொன் இருக்கிறது. தொட்டியில் தண்ணீரே ஊற்றாமல், மண்ணை மட்டும் ஈரமாக வைத்து, மேலே பாலிதீன் மூடி கார்பெட் வளர்ப்பார்களே, உலர்தொடக்க முறை. அதில் வளரும் புல் காற்றில் வளர்வதால் விறைப்பாகத்தான் நிற்கும். அங்கே ட்ரிம்மர் வெண்ணெய்யாகப் போகும். முழுகவே வேண்டாம், எண்ணெய்ப் பயம் இல்லை, மீன் இல்லை, இறால் இல்லை. துண்டுகளும் மிதந்து பரவாது, கையால் அள்ளிவிடலாம். தட்டில் வைத்து நீருக்கு வெளியே செடி பெருக்குபவர்களுக்கும் இதே வசதி. நான் ட்ரிம்மரை அதற்கு மட்டும் வைத்திருக்கிறேன். தண்ணீர் ஊற்றிய நாளோடு அது அலமாரிக்குப் போய்விடும்.

நீர்முள்ளி:

ஓரமாக உட்கார்ந்து படித்ததில் ஒன்று கேட்கத் தோன்றுகிறது. ஆறடித்தொட்டி ஐயா, நீங்கள் ஒரு தடவை ட்ரிம் பண்ணும்போது எந்த வேலைக்கு அதிக நேரம் போகிறது? வெட்டுவதற்கா, வெட்டியதைப் பிடிப்பதற்கா?

ஆறடித்தொட்டி:

அடடா. யோசித்தால் பிடிப்பதற்குத்தான். வெட்டுவது சட்டென்று முடிந்துவிடும். மேலே மிதப்பதை வலையால் அள்ளுவது, கட்டை இடுக்கில் சிக்கியதைப் பின்செட்டால் (நீள இடுக்கி) பொறுக்குவது, நல்ல நுனியைப் பிரித்துத் திரும்ப நடுவது, இதற்கே பாதி ஞாயிறு போகும். ஆனால் கை வலிப்பது வெட்டும்போதுதான், அது வேறு.

நீர்முள்ளி:

அதைத்தான் கேட்க வந்தேன். மின்கருவி சுலபமான பாதியை இன்னும் சுலபமாக்குகிறது, கடினமான பாதியை வளர்க்கிறது. ட்ரிம்மர் ஒரு நிமிடத்தில் போடும் துண்டுகளை அள்ள எவ்வளவு நேரம் ஆகும் என்று பச்சைப்பாய் சொல்லட்டும்.

பச்சைப்பாய்:

மாட்டிக்கொண்டேன் 😀 உண்மைதான். வெட்டி முடித்ததும் நீர்ப்பரப்பு முழுக்கப் பச்சை ஊசி. பரப்பை உறிஞ்சும் ஸ்கிம்மரை அரை மணி ஓட்டி, ஃபில்டர் வாயில் நுரைப்பஞ்சு மாட்டி, மறுநாளும் ஒருமுறை வலை போட்டுத்தான் தெளியும். ஆனாலும் மட்டமான புல்வெளிக்காக நான் அதைப் பொறுத்துக்கொள்கிறேன்.

கரையோரம்:

வெட்டுவதையும் அள்ளுவதையும் ஒரே அசைவில் முடிக்க வழி உண்டு, மின்சாரம் இல்லாமல். 12 மில்லிமீட்டர் உள்விட்டம் உள்ள சைஃபன் குழாயின் வாயைக் கத்தரி நுனிக்கு ஓரங்குலம் பின்னால் ரப்பர் பேண்டால் கட்டுங்கள். மறுமுனை வாளியில், வாளி வாயில் மீன் வலை. வெட்ட வெட்டத் துண்டு குழாய்க்குள் போய்விடும். எப்படியும் ட்ரிம் பண்ணும் நாளில் பாதித் தண்ணீர் மாற்றத்தான் போகிறீர்கள், அந்தத் தண்ணீரே உறிஞ்சிக் கொடுக்கும். ஒல்லிக் குழாய் கட்டினால் ரொட்டாலா நுனி குறுக்கே நின்று அடைத்துக்கொள்ளும். நட வேண்டிய நல்ல நுனிகளைக் குழாயில் விடாமல் முன்னதாகவே கையால் கிள்ளி எடுத்துவிடுங்கள்.

மின்னோட்டம்:

தண்ணீர் மட்டம் இறங்கும்போது ஹீட்டரை அணைக்க மறக்காதீர்கள். காற்றில் சூடாகி, திரும்பத் தண்ணீர் பட்டதும் கண்ணாடிக்குழல் வெடிக்கும். நியாயமாகப் பார்த்தால் தொட்டிக்குள் கை போகும்போது எல்லா பிளக்கும் வெளியே இருக்க வேண்டும்.

சிவப்பிறால்:

மணிக்கட்டுக்கு வருவோமா? கேள்வியே அங்கேதான் தொடங்கியது, எல்லாரும் பிளேடுக்குள் போய்விட்டோம்.

எனக்கும் கைவலி உண்டு. எனக்கு உதவியது ஸ்பிரிங் கத்தரி. பின்செட் மாதிரி இரண்டு விரலுக்கு நடுவே பிடித்து லேசாக அழுத்தினால் போதும், அதுவாகத் திறந்துகொள்ளும். வளையத்துக்குள் கட்டை விரலை நுழைத்துத் திறந்து மூடும் வேலையே இல்லை. கார்பெட்டுக்கும் மாஸுக்கும் அது கச்சிதம். பின்பக்கத்து உயரச் செடிக்கு 25 சென்டிமீட்டர் நீளக் கத்தரி, ஆனால் கூர் தீட்டி வைத்திருக்க வேண்டும். மழுங்கிய கத்தரிக்கு இரண்டு மடங்கு அழுத்தம் தேவை, வலியில் பாதி அதுதான்.

தோள் உயரத்துக்கு முழங்கையைத் தூக்கி வேலை செய்யக் கூடாது. காலுக்கு அடியில் உறுதியான பலகை ஒன்று போட்டு ஏறி நில்லுங்கள், அல்லது மூன்றில் ஒரு பங்குத் தண்ணீரை முதலில் இறைத்துவிடுங்கள். ரொட்டாலா படுக்காத அளவுக்கு.

கணுவுக்குமேல்:

இன்னொரு வழி, வளர்ச்சியைக் குறைப்பது. விளக்கு எட்டு மணி நேரம் எரிந்தால் ஆறாக்குங்கள், சிஓ2வையும் அதற்கேற்பக் குறையுங்கள். பின்பக்கத்தில் ஒரு பகுதியை மட்டும் கிரிப்டோகோரைன், ஜாவா ஃபெர்ன், புசெஃபலாண்ட்ரா என்று மெதுவாக வளர்பவற்றுக்கு மாற்றிவிட்டால் கத்தரி வேலையே பாதியாகும். லிஸ்பன் ஓஷனேரியத்தில் 2015இல் செடித்தொட்டிக் கலைஞர் தகாஷி அமானோ 40 மீட்டர் நீளச் செடித்தொட்டி அமைத்தாரே, 160,000 லிட்டர், அதைப் பராமரிக்க ஆட்கள் நீர்மூழ்கு உடையோடு உள்ளே இறங்க வேண்டியிருந்தது. நமக்கு ஆறடி. செடியைத் தேர்ந்தெடுப்பதிலேயே பாதி வேலை முடிந்துவிடும்.

ஆறடித்தொட்டி:

எல்லாரும் சொன்னதைக் கலந்து ஒரு முடிவுக்கு வந்து, செய்தும் பார்த்துவிட்டேன்.

ட்ரிம்மரை முன்பக்க ஹேர்கிராஸுக்கு மட்டும் வைத்துக்கொண்டேன். வெளியே முனை தெரியாத, ஐபிஎக்ஸ்7 உள்ளது, தாடிப்பக்கம் போகாத தனி ட்ரிம்மர். முதலில் தொட்டித் தண்ணீர் நிரப்பிய வாளியில் கொஞ்ச நேரம் ஓட்டிப் பார்த்தேன், எண்ணெய்ப் படலம் வருகிறதா என்று. மெல்லிய டிஷ்யூத் தாளைப் பரப்பில் போட்டு எடுத்ததில் கறை இல்லை. அப்புறம் தொட்டியில் இடது மூலையில் ஒரு சாண் அகலம் மட்டும் வெட்டினேன். பச்சைப்பாய் சொன்னது அச்சு அசல்: புல் முதலில் விலகி விலகிப் போனது, எதிர்ப்பக்கமிருந்து மெதுவாக வந்ததும் அடங்கியது. பிளேடு ஆடும் இடத்தில் தண்ணீர் கண்ணுக்குத் தெரியும்படி நடுங்குகிறது. வெட்டிய புல் துணுக்குகள் செங்குத்தாக நின்றபடியே மேலே ஏறுகின்றன. பார்க்க வேடிக்கையாக இருந்தது, அள்ளும்போது இல்லை.

பின்பக்கத்துக்கு ஸ்பிரிங் கத்தரி, நீளக் கத்தரி, குழாய் கட்டிய ஏற்பாடு. குழாய் பிரமாதம். மாஸும் அனுபியாஸும் கத்தரிக்கே.

கை அன்று இரவு வலிக்கவில்லை. அதற்கு ட்ரிம்மர் காரணமா, ஏறி நின்ற பலகை காரணமா தெரியவில்லை. பலகை என்றுதான் சந்தேகப்படுகிறேன்.

மின்னோட்டம்:

மகிழ்ச்சி. வெளியே எடுத்ததும் நல்ல தண்ணீரில் அலசி, துடைத்து, பிளேடைக் கழற்றி வைத்து உலர விடுங்கள். ஈரத்தோடு சார்ஜில் போடாதீர்கள். பிளேடின் அடியில் இருக்கும் ரப்பரை அவ்வப்போது விரலால் தடவிப் பாருங்கள், வெடிப்போ விறைப்போ தெரிந்தால் அன்றோடு அதற்கு ஓய்வு. ஓட்டும்போது சத்தம் மாறினாலும் அப்படியே.

புதுத்தொட்டி:

அண்ணா, பெரிய ட்ரிம் முடிந்த மறுநாள் என் மீன்கள் மேலே வந்து வாய் பிளக்கின்றன. தண்ணீரும் பால் கலந்ததுபோல் இருக்கிறது. எதை முதலில் பார்ப்பது?

கணுவுக்குமேல்:

சிஓ2வை முதலில் பாருங்கள் தம்பி. செடியில் பாதியை வெட்டிவிட்டீர்கள், குமிழி எண்ணிக்கை பழையதுதான். குடிக்க ஆள் குறைந்ததால் வாயு தண்ணீரில் தேங்குகிறது. இப்போதே மூடிவிட்டு, ஏர் பம்ப் போடுங்கள் அல்லது ஃபில்டரிலிருந்து தண்ணீர் வெளியே வரும் வாயை மேலே திருப்பிப் பரப்பைக் கலக்குங்கள். பால்நிறம், மிச்சம் கிடக்கும் துண்டும் வெட்டுவாய்ச் சாறும் தின்று பெருகும் பாக்டீரியா. அடியில் சிக்கிய துண்டுகளை எடுத்து, பாதித் தண்ணீர் மாற்றுங்கள், அம்மோனியாவும் சோதித்துவிடுங்கள். ஃபில்டர் வாய்ப் பஞ்சு அடைத்திருந்தால் ஓட்டம் குறைந்திருக்கும், அதையும் அலசுங்கள். விளக்கை ஒரு வாரம் ஆறு மணி நேரத்தோடு நிறுத்துங்கள், இல்லாவிட்டால் செடி திரும்ப வளரும் முன் பாசி முந்திக்கொள்ளும்.

புதுத்தொட்டி:

சிஓ2 மூடிவிட்டேன் அக்கா, ஏர் பம்பும் ஓடுகிறது. ஃபில்டர் வாயைத் திறந்தால் ஒரு கைப்பிடி ஹேர்கிராஸ் வந்தது. மீன்கள் கீழே இறங்கிவிட்டன.